பீர் ஆலையில் பிறந்த அளவுகோல்

கேள்வி: வீட்டில் பீர் காய்ச்சுபவர்கள் ஊறலில் பிஎச் மீட்டரை முக்கிப் பார்க்கிறார்களே, எதற்கு?

பதில்: பீருக்கும் அந்த மீட்டருக்கும் பிறந்த வீட்டு உறவு! 1909-இல், அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவுகோலை வகுத்த வேதியியலாளர் சோரன்சென் வேலை பார்த்ததே கோபன்ஹேகனில், கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலையின் ஆய்வுக்கூடத்தில்.

முளைகட்டிய பார்லியை வெந்நீரில் ஊறவைத்தால் நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும். பிஎச் 5.2 முதல் 5.6 வரை இருந்தால் அவை நன்றாக உழைக்கும். பிஎச் ஏறிவிட்டால் உமியின் துவர்ப்பும் இறங்கக்கூடும். லாக்டிக் அமிலத்தைச் சிறிது சிறிதாக விட்டு அதை இறக்க வேண்டும்.

தண்ணீரும் பிஎச்சை ஏற்றும்: டப்ளின் தண்ணீர் காரத்தன்மை மிக்கது. கருக வறுத்த தானியத்தின் அமிலம் அதைச் சரிக்கட்டியது. அங்கே கறுப்பு ஸ்டவுட் பீர் செழித்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

சூட்டோடு அளந்தால் கணக்கு பிசகும். மீட்டரை பிஎச் 7, 4 அளவுக் கரைசல்களில் சரிபார்த்துவிட்டு, ஊறலில் கொஞ்சம் எடுத்து ஆறவைத்து அளப்பதே முறை.