நகராத வண்டிக்கு நாலாயிரம்

போன வாரம் முழுக்க ஒரு பெண் போன் பண்ணிக்கொண்டே இருந்தார். “சார், உங்க வண்டி பாலிசி வெள்ளிக்கிழமையோட முடியுது சார்.” வண்டி ஓடுவதே இல்லையம்மா என்றேன். “ஓடலேன்னாலும் ரினியூ பண்ணணும் சார்.” அந்த ‘சாரி’ல் இருந்த பொறுமைதான் எனக்குப் பொறுக்கவில்லை.  

கார் மகனுடையது. அவன் லீட்ஸில் இருக்கிறான், கார் நங்கநல்லூரில் எங்கள் போர்டிகோவில் உறை போர்த்திக்கொண்டு நிற்கிறது. ஏன் விற்கவில்லை என்று கேட்காதீர்கள். உங்கள் வீட்டில் நிற்பதை நீங்கள் ஏன் விற்கவில்லையோ, அதனால்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்டார்ட் செய்து உறும விடுவது, பானெட்டைத் திறந்து எலிப்புழுக்கை இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பது, காய்ந்துபோன புகையிலையை எடுத்துவிட்டுப் புதுசு வைப்பது எல்லாம் உங்களுக்கும் தெரிந்ததுதானே.

1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-ஆவது பிரிவு, பொது இடத்தில் ஓடும் வண்டிக்குத்தான் தர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் கட்டாயம் என்கிறது. என் போர்டிகோ பொது இடம் இல்லை. தெருப் பூனைகள் மட்டும் இதை ஏற்பதில்லை. பாலிசி இல்லாமல் வெளியே எடுத்து மாட்டினால் முதல் தடவை 2,000 ரூபாய் அபராதம், அடுத்த தடவை 4,000. பாலிசிக்கோ, 1,000 சிசிக்கு மேல் 1,500 சிசி வரையுள்ள காருக்கு 2022-இல் நிர்ணயித்தபடி 3,416 ரூபாய். பதினெட்டு சதவீத ஜிஎஸ்டி சேர்ந்தால் 4,030 ரூபாய் சொச்சம். கணக்குப்படி மாட்டிக்கொள்வதுதான் மலிவு. மூன்று மாதம் வரை சிறையும் உண்டு என்று வீட்டில் சொன்னேன். “அப்ப ஞாயித்துக்கிழமை யாரு ஸ்டார்ட் பண்றது?” என்றாள் மனைவி.

சரி, கட்டுகிறேன். ஆனால் யார் அந்த மூன்றாம் நபர்? நின்ற இடத்தில் நிற்கும் கார் யாரைப் போய் இடிக்கும்? பேப்பர் போடும் பையனா? அவன்தான் தினமும் பேப்பரைச் சுருட்டி காரை அடிக்கிறான். எதிர்வீட்டுப் பையன்களா? அவர்கள் பந்துதான் இதன் மேல் விழுகிறது. இஸ்திரிக்காரர் மூட்டையைக் கூரைமேல் வைத்துவிட்டுத்தான் துணி எண்ணுவார். மூட்டை சரிந்து அவர் காலில் விழுந்தால் அது வாகன விபத்தா, சலவை விபத்தா? பானெட்டில் என் மனைவி வடாம் காயவைக்கிறாள். காற்றில் பறந்த வடாம் பக்கத்து வீட்டுக்காரர் கண்ணில் பட்டால் கம்பெனி சர்வேயரை அனுப்புமா? அவர் வடாத்துக்கும் தேய்மானம் கழிப்பாரா? கூரையில் தூங்கும் பூனை உருண்டு விழுந்தால் அது மூன்றாம் நபரா, டிக்கெட் இல்லாத பயணியா?

உயிரிழப்புக்கும் காயத்துக்கும் இழப்பீட்டில் வரம்பே இல்லை. பொருள் சேதத்துக்கு ஏழரை லட்சம் வரை. நன்றாக யோசித்துப் பார்த்தேன். இந்தக் காரின் சக்கரத்தில் அடிபட்டது எலுமிச்சம்பழம் மட்டும்தான். ஆயுத பூஜை அன்று வாழைக்கன்று கட்டி, பொட்டு வைத்து, நாலு சக்கரத்துக்கும் நாலு பழம் வைத்து ஓரடி முன்னே எடுப்பேன். பிறகு பழைய இடத்துக்கே பின்னே எடுப்பேன். செத்த பழமே இரண்டாம் தடவையும் சாகும். அந்த நாலு பழத்துக்காகத்தான் ஏழரை லட்சத்துக்குக் கவரேஜ். அந்தப் பணத்தில் கோயம்பேட்டில் ஒரு மண்டியையே நசுக்கலாம்.

இதோடு முடிந்ததா? உரிமையாளர்-ஓட்டுநருக்குப் பதினைந்து லட்சத்துக்கு விபத்துக் காப்பீடு வேறு. உரிமையாளர்-ஓட்டுநர் லீட்ஸில் பஸ்ஸில் போகிறான். அவன்தான் சொன்னான்: “இங்கல்லாம் வண்டியை ரோட்ல எடுக்கலைன்னு டிவிஎல்ஏ-வுக்கு ‘சோர்ன்’ எழுதிக் குடுத்துட்டா இன்சூரன்ஸே வேண்டாம்பா.” இங்கே எழுதிக் கொடுக்க எனக்கும் ஆசைதான். யாரிடம் கொடுப்பது?

பாலிசியை விட்டுவிடலாம் என்றால், தொண்ணூறு நாள் தாண்டினால் நோ கிளெய்ம் போனஸ் போய்விடும். ஐந்து வருஷம் கிளெய்ம் இல்லாமல் சேர்த்த ஐம்பது சதவீதம். ஓடாத வண்டி கிளெய்ம் கேட்காமல் இருந்ததில் என்ன சாமர்த்தியம் என்று எந்தக் கம்பெனியும் கேட்பதில்லை. அந்த மட்டுக்கு நல்லவர்கள். வண்டியின் மதிப்பு மட்டும் ஆண்டுக்காண்டு இறங்குகிறது. ஐந்தாவது வருஷ முடிவில் பாதி கழிந்துவிடும். தர்ட் பார்ட்டித் தொகையோ சிசியைப் பார்த்துப் போடுவது. சிசி கிழடாவதில்லை.

தர்ட் பார்ட்டி மட்டும் போதும் என்று நான் துணிந்தபோது, “மிக்ஜாம் புயல் மறந்துபோச்சா?” என்றாள் மனைவி. 2023 டிசம்பரில் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார்கள் ஏறி நின்றதை யார் மறப்பார்? ஆகவே வெள்ளத்துக்கும் சேர்த்துக் கட்டியாயிற்று. அதிலும் ஒரு கொக்கி. தண்ணீர் புகுந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து அது பழுதானால் சாதாரண பாலிசியில் காசு கிடைக்காது. அதற்குத் தனியாக ஒன்று வாங்க வேண்டும். அது எனக்குத் தேவையில்லை. எங்கள் கார் வெயில் காலத்திலேயே லேசில் ஸ்டார்ட் ஆவதில்லை.

ஓட்டும் கிலோமீட்டருக்கு ஏற்பக் கட்டும் திட்டம் 2022-இல் வந்தது. ஆவலாக விசாரித்தேன். சலுகை சொந்தச் சேதப் பகுதிக்குத்தானாம். எலுமிச்சம்பழப் பகுதியில் ஒரு ரூபாய் குறையாது.

பணம் கட்டிய ரசீதை வாட்ஸப்பில் அனுப்பினேன். மகன் உடனே கூப்பிட்டான். “பேசாம வித்துடுங்கப்பா.”

நல்ல பிள்ளை! இப்போதுதான் முழுசாக ஒரு வருஷத்துக்குக் கட்டியிருக்கிறது. இந்த நேரத்தில் போய் யாராவது காரை விற்பார்களா?