கோடையில் கோட்டு போடும் பேத்திக்கு

ஏம்மா, இன்டர்ன்ஷிப்புக்குன்னு தைச்சு வந்த கோட்டை மாட்டிகினு கண்ணாடி முன்னாடி நின்னு மூணு பக்கமும் திரும்பிப் பாத்துட்ட. செல்பியும் எடுத்தாச்சு. சரி, இந்த மே மாச வெயில்ல இதே கோலத்துல நம்ம புதுச்சேரி ரெட்டியார்பாளையத்துல இருந்து கடலூர் ரோட்டு கோர்ட்டு வரைக்கும் போகப் போறியா? இந்திரா சிலை சிக்னல்ல நிக்கறப்பவே பாதி வக்கீல் வேர்வையா ஓடிப்பூடும். மீதிதான் கோர்ட்டுக்குப் போய்ச் சேரும்.

இன்னொரு சங்கதி. காலாப்பட்டு சட்டக் கல்லூரியில இதை யாருமே சொல்லலையா? மே மாசம் சிவில் கோர்ட்டுக்கு லீவு. ஹைகோர்ட்டுக்கும் லீவு, அவசரம்னா மட்டும் விடுமுறைக் கால பெஞ்ச் உக்காரும். மாஜிஸ்திரேட்டு கோர்ட்டு நடக்கும், ஏன்னா திருடனுக்குக் கோடை விடுமுறை கிடையாது. காலேஜை மூடுற மாசமாப் பாத்து கோர்ட்டையும் மூடறாங்க, பிள்ளைங்க அந்த மாசத்துலதான் கோர்ட்டு பழகப் போகுதுங்க. ஏற்பாடு பண்ணவங்க நல்லா இருக்கணும்.

பரவாயில்ல, போ. பார் கவுன்சில் 2008-ல போட்ட விதிப்படி மூணு வருஷப் படிப்புன்னா 12 வாரம், அஞ்சு வருஷப் படிப்புன்னா 20 வாரம் இன்டர்ன்ஷிப் முடிச்சே ஆகணும். எந்த வருஷத்துலயும் சேர்ந்தாப்புல நாலு வாரத்தைத் தாண்டக் கூடாதாம். நாலுன்னு கணக்கு போட்டவர் அனுபவசாலியாத்தான் இருக்கணும். முதல் வாரம் ஒண்ணும் புரியாது. ரெண்டாவது வாரம் எல்லாம் புரிஞ்சாப்புல இருக்கும். மூணாவது வாரம், ஒண்ணுமே புரியலைன்னு புரியும். நாலாவது வாரம் சர்டிபிகேட்டுல கையெழுத்து வாங்க சீனியரைத் தேடறதுலயே பூடும்.

உடுப்புக்கும் அதே விதியில இடம் இருக்கு. கறுப்புக் கோட்டு, கறுப்பு டை, கறுப்பு ஷூ, கறுப்பு சாக்ஸ். பொண்ணுங்க வேணும்னா கறுப்பு பிரிண்ட் போட்ட சேலையும் வெள்ளை முழுக்கை ரவிக்கையும் போட்டுக்கலாம். வெள்ளைக் கழுத்துப்பட்டை மட்டும் வக்கீலா என்ரோல் ஆன பிறகுதான். நீ அதையும் வாங்கி பீரோவுல ஒளிச்சு வச்சிருக்கறது உங்க ஆயாவுக்குத் தெரியும். அவகிட்ட வழக்கு நிக்காது.

ஷூ கடிக்குதுன்னு நேத்து மூஞ்சைத் தூக்கி வச்சிகினியே, அந்த ஷூவுக்கு நம்ம ஊர்ல ஒரு பெரிய வழக்கே நடந்திருக்கு, தெரியுமா? 1873-ல பொன்னுத்தம்பிப் பிள்ளைன்னு ஒரு வக்கீல், வெள்ளைக்காரன் உடுப்பு, காலுல பூட்ஸுன்னு கோர்ட்டுக்குள்ள போனாரு. உள்ளூர் ஆளுக்கு பூட்ஸா? கோர்ட்டு அவரைத் தண்டிச்சுது. மனுஷன் மன்னிப்பு கேட்டுட்டு செருப்பு மாட்டிகினு வந்தாரா? பாரீஸுல இருக்கிற உச்ச நீதிமன்றம் வரைக்கும் போயி ஜெயிச்சிட்டு வந்தாரு. அதோட விடல. 1881 செப்டம்பர்ல பிரெஞ்சு சர்க்கார் ஒரு ஆணை போட்டுது. வழிவழியா வந்த இந்து, முஸ்லிம் தனிச் சட்டம் வேணாம், பிரெஞ்சு சிவில் சட்டமே போதும்னு எழுதிக் கொடுக்கறவங்க கொடுக்கலாம்னு. அந்த இயக்கத்துக்கு முன்ன நின்னவரும் இவருதான். புதுசா ஒரு குடும்பப் பேரும் வச்சிகினாரு, லா போர்த்துன்னு. அவரு வாங்கிக் கொடுத்த உரிமைதான் உன் குதிகால்ல கொப்புளமா இருக்கு. பிளாஸ்திரி ஒட்டிகினு பெருமையா நட.

இப்ப உன் கனவுக்கு வருவோம். பம்பாய், டெல்லி, பெங்களூருல பெரிய பெரிய லா பர்ம் இருக்காம். அங்க நாலு வாரம் ஏசியில உக்காந்து நல்ல பேரு வாங்கினா, படிப்பு முடியறதுக்கு முன்னாடியே வேலை உறுதின்னு பி.பி.ஓ. கொடுப்பாங்கன்னு சொன்ன. பி.பி.ஓ.ன்னதும் நான் பென்ஷன் புக்குன்னு நெனச்சேன், படிக்கறப்பவே பென்ஷனான்னு சந்தோஷமாக்கூட இருந்துது. அமெரிக்காவுல இன்னும் மேல. நியூயார்க் பெரிய பர்முல புதுசா சேருற வக்கீலுக்கு வருஷத்துக்கு 2,25,000 டாலர். கோடையில வர்ற மாணவனுக்கும் அதே கணக்கைத்தான் வாரமாப் பிரிச்சுக் கொடுக்கறாங்க, அதாவது வாரத்துக்கு 4,000 டாலருக்கு மேல. மத்தியானம் பெரிய ஓட்டல்ல சாப்பாடு, சாயந்திரம் பார்ட்டி. அந்தக் கோடை முழுக்க மாப்பிள்ளை விருந்து மாதிரி. விருந்து முடிஞ்சு வேலைக்குச் சேர்ந்த பிறகு ராத்திரி ரெண்டு மணிக்கு மெயில் வரும்னு விருந்துல யாரும் சொல்றதில்ல. நம்ம ஊரு சீனியரு அந்த மாதிரி ஏமாத்தறதே இல்ல. முதல் நாளே டீ வாங்கியாரச் சொல்லிடுவாரு.

வாங்கிகினு வா, கௌரவம் பாக்காத. ஆனா முதல் கிளாஸை குமாஸ்தாகிட்ட கொடு.

சிரிக்காத, சொல்றதைக் கேளு. சீனியருக்குச் சட்டம் தெரியும், கோர்ட்டு தெரிஞ்சவரு குமாஸ்தா. நீ ராத்திரியெல்லாம் முழிச்சு, தீர்ப்பு நம்பரெல்லாம் போட்டு ஒரு மனு எழுதுவ. ரெண்டு நாள்ல அது ரிட்டர்ன் ஆகி வரும், பின்பக்கத்துல பொடி எழுத்துல குறை எழுதியிருக்கும். கோர்ட்டு ஸ்டாம்பு போதல, வக்காலத்துல ஒரு கையெழுத்து இல்ல, மூணாம் எதிர்மனுதாரர் விலாசம் தப்பு. உன் வாதத்தை ஒருத்தரும் படிச்சிருக்கவே மாட்டாங்க. குமாஸ்தா மூக்குக் கண்ணாடியை மேல ஏத்திகினு ஒரு தடவ பாப்பாரு, கோணி ஊசியை எடுத்துக் கேஸ் கட்டைத் திரும்பத் தைப்பாரு, அன்னிக்கு மத்தியானமே நம்பர் ஆயிடும். நகல் மனு எந்த ஜன்னல்ல கொடுக்கணும், கேஸைக் கொஞ்சம் தள்ளிக் கூப்பிடச் சொல்லி பாஸ் ஓவர் எப்ப கேக்கணும், எந்தக் கோர்ட்டுல பெஞ்ச் கிளார்க் முகத்தைப் பாத்தாலே வாய்தா தேதி தெரிஞ்சிடும், இதெல்லாம் எந்தப் புத்தகத்துல இருக்கு, சொல்லு பாப்போம்.

பத்திரம் பாக்கச் சொன்னா ஓடி ஒளியாத. பெரிய பர்முக்காரங்க அதுக்கு டியூ டிலிஜென்ஸுன்னு பேரு வச்சு மணிக்கணக்குக்கு பில்லு போடறாங்க, ஆனா வேலை ஒண்ணுதான். நம்ம ஊரு பத்திரத்துல இன்னொரு சுவாரசியம் உண்டு. ஆர்.எஸ். நம்பருக்குப் பக்கத்துலயே கதாஸ்தர் நம்பர்னு ஒண்ணு இருக்கும், பிரெஞ்சுக்காரன் விட்டுட்டுப் போன நில அளவைக் கணக்கு. பரப்பு எக்டர், ஆர், சென்டியார்னு போகும். ஆனா மனைக்காரரு வாயால சொல்றது குழியில. மூலப் பத்திரம், நொத்தேர்னு அந்தக் காலத்துப் பத்திர எழுத்து அதிகாரி எழுதின பிரெஞ்சுல இருந்தாலும் இருக்கும். பம்பாய்ல இருந்து வர்ற பெரிய அதிகாரி இங்கதான் முழிப்பாரு. நாலு எல்லையையும் வாசிச்சுட்டு, மூலகுளம் பக்கம் அந்த மனையில போயி ஒரு தடவ நின்னுட்டு வா. பத்திரத்துல வடக்கே வாய்க்கால்னு இருக்கும், நேர்ல பாத்தா வாய்க்கால் மேல ஒரு மாடி வீடு நின்னுகினு இருக்கும். அந்த வீட்டுக்காரர்தான் உன் அடுத்த கட்சிக்காரர்.

கட்சிக்காரர்னதும் ஞாபகம் வருது. சீனியர் பேசறப்ப ஓரமா உக்காந்து, கேஸு கொடுக்க வந்த கிழவி என்ன சொல்லுதுன்னு கேளு. பாகப் பிரிவினைன்னு ஆரம்பிக்கும். பேசவிட்டா முக்கா மணி நேரம் கழிச்சு, தம்பி பொண்ணு கல்யாணத்துக்குக் கூப்பிடலைன்னு வந்து நிக்கும். மனுவுல அதை எழுத முடியாது, ஆனா சமரசம் பேசற அன்னிக்கு அதுதான் வேலைக்கு ஆகும். கேட்டதை வெளியில பேசாத, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல போட்டுத் தொலைக்காத. கட்டைத் தோளுல சாச்சிகினு போட்டோ எடுக்கறப்ப கட்சிக்காரர் பேரு தெரியும், பாத்துக்க.

காசு விஷயம் பேசாம விட்டா தாத்தா ஏமாத்திட்டாருன்னு சொல்லுவ. இன்டர்ன்னா நம்ம ஊரு சேம்பர்ல அனேகமா ஒண்ணும் கிடைக்காது. பஸ்ஸுக்கு என்கிட்ட வாங்கிக்க. ஆனா என்ரோல் ஆயிட்ட பிறகு கதை வேற. 2024 ஜூன்ல மெட்ராஸ் ஹைகோர்ட்டுல நீதிபதிகள் எஸ்.எம். சுப்பிரமணியமும் சி. குமரப்பனும் சொல்லிட்டாங்க: ஜூனியர் வக்கீலுக்கு சென்னை, மதுரை, கோயம்புத்தூர்ல மாசம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது, மத்த ஊருல 15,000. அந்த வழக்கே நம்ம புதுச்சேரி வக்கீலுங்க நல நிதி சம்பந்தமாப் போனதுதான். அதே வருஷம் அக்டோபர்ல இந்திய பார் கவுன்சிலும் ஒரு சுற்றறிக்கை விட்டுது, அதே தொகையைச் சொல்லி. கூடவே, கட்டாயமில்ல, முடிஞ்சவங்க கொடுங்கன்னு ஒரு வால். வால் எழுதினவரும் ஒரு சீனியராத்தான் இருக்கணும்.

அதனால நான் உன்கிட்ட பேசறதை நிறுத்திட்டு, இதைப் படிச்சிகினு இருக்கிற சீனியர் ஐயாமாருகிட்டயே கேட்டுடறேன். ஐயா, எங்க பொண்ணு இந்தக் கோடை முழுக்க டீ வாங்கியாரும், கட்டு தூக்கும், சும்மாவே செய்யும். அதுவே என்ரோல் ஆகி வந்து நின்னா மாசாமாசம் ஒண்ணாந்தேதி கவரைக் கொடுத்துடுங்க. ஹைகோர்ட்டு உத்தரவு கைவசம் இல்லைன்னா கவலையே வேணாம், அவளையே கேளுங்க. நகல் மனு எந்த ஜன்னல்ல போடணும்னு உங்க குமாஸ்தா அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பாரு.