கூப்பிடாமல் யார் வருவார்?

சி++ நிரல்மொழி படிக்கத் தொடங்கும் மலேசியாவின் புக்கிட் செலம்பாவ் தம்பிகள் ஒரு பொல்லாத வேலை செய்கிறார்கள். நிரலை மெயின்.சிபிபி, கணக்கு.சிபிபி என்று அழகாகப் பிரித்துவிட்டு, கறுப்புத் திரையில் மெயினை மட்டும் தட்டுகிறார்கள். "அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்" என்கிறது கோப்புகளை இணைக்கும் லிங்கர். கணக்கு.எச்-ஐச் சேர்த்தோமே என்று தம்பிக்குக் கோபம். ஹெடர் கோப்பு வெறும் வாக்குறுதி, தம்பி. வேலை செய்யும் ஆள் வேறு கோப்பில் உட்கார்ந்திருக்கிறார். வாக்குறுதியை நம்பி ஏமாறுவது நமக்குப் புதிதா என்ன?

கட்டளையில் இரண்டு சிபிபி பெயர்களையும் எழுதினால் தீர்ந்தது. பொறுமை ஏது? கணக்கு.சிபிபியையே மெயினுக்குள் இன்குளூட் செய்து, கட்டளையிலும் தட்டுவார்கள். இப்போது "மல்டிபிள் டெஃபினிஷன்". ஒரே பெயருக்கு இருவர் உரிமை கொண்டாட, லிங்கர் கையை விரித்துவிடும்.

இருவருக்கே இப்படி! 2009 ஏப்ரலில் இவ்வூர் இடைத்தேர்தலில் ஒரே சட்டமன்ற இருக்கைக்கு 15 பேர் நின்றார்கள். 13 பேர் சுயேச்சை. வாக்காளர்கள் பிழைச்செய்தி எதுவும் காட்டாமல் ஒருவரை அனுப்பிவைத்தார்கள்.

தம்பிகள் கட்டளையில் தட்ட மறக்கும் கோப்புகளைத் தானே கவனிக்கும் 'மேக்' கருவியை 1976இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதினார். அதிலும் கட்டளை வரி டேப்பில்தான் தொடங்க வேண்டும். இடைவெளி விட்டால் முறைக்கும். இந்த விதியை மாற்றினால் பயனர்கள் சிரமப்படுவார்கள் என்று அவர் விட்டுவிட்டார். அன்று அவருக்கு இருந்த பயனர்கள் சுமார் பன்னிரண்டு பேர். செலம்பாவ் வேட்பாளர்களே அதைவிட அதிகம்.