செங்கல் இல்லை, ஸ்பேசரும் இல்லை

வீட்டில் கட்டிய வால்வ் ஆம்ப்ளிபயரைத் தயவுசெய்து இனி யாரும் கவிழ்த்துக் காட்டாதீர்கள். மேலே தேக்குச் சட்டம், பளபளக்கும் அலுமினியத் தகடு. அடியில் சர்க்யூட் போர்டைப் பிடித்துக்கொண்டிருப்பதோ குளூ கன் கக்கிய பசை. போர்டைத் தகட்டில் படாமல் தூக்கிப் பிடிக்கும் குட்டிக் கால், அதாவது ஸ்பேசர், அதற்காக வயிறெரிகிற ஆள் ஊரில் நான் ஒருவன்தான் போலும். ஸ்பேசர் பித்தளையா நைலானா என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஸ்பேசரே போடாதவரிடம் அதை எங்கே தொடங்குவது?

மண்டகப்பட்டில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவுமின்றிக் கோயில் எடுத்ததாகக் கல்வெட்டிலேயே பெருமையடித்துக்கொண்டான். செஞ்சிச் சீமைக் காற்றில் அந்தப் பெருமை இன்னும் அடங்கவில்லை. நாமும் ஸ்பேசர் இல்லை, ஸ்க்ரூ இல்லை, நட் இல்லை, வாஷர் இல்லை என்று கட்டி முடிக்கிறோம். கல்வெட்டு ஒன்றுதான் பாக்கி. விசித்திரசித்தன் என்ற அவன் பட்டம்கூட நமக்குத்தான் அதிகம் பொருந்தும். “சிங்கவரம் குடைவரைக் கோயிலில் அரங்கநாதர் முட்டுக்கொடுக்காமல்தானே படுத்திருக்கிறார்?” என்பீர்கள். படுத்திருக்கிறார், ஐயா. மலையும் பாம்பணையும் பெருமாளும் அங்கே ஒரே பாறை. ஆதிசேஷனைத் தனியாகச் செதுக்கி டபுள் டேப் போட்டு ஒட்டியிருந்தால், பல்லவர் காலம் முடிவதற்குள் பெருமாள் எழுந்து உட்கார்ந்திருப்பார். அந்தப் பாறைக்கே முகப்பில் தூண்களை விட்டுத்தான் குடைந்தார்கள். நம் 1.6 மில்லிமீட்டர் ஃபைபர் போர்டுக்கு நடுவில் ஒரு கால் கொடுக்க நமக்கு மனம் வரவில்லை.

போர்டின் எடை கொஞ்சம்தானே என்று வாதிடுவார்கள். எடையை யார் கேட்டது? சாக்கெட்டைப் போர்டிலேயே பற்றவைத்த பிறகு, வால்வைச் செருகும்போதெல்லாம் கையின் பலம் முழுக்கப் போர்டின் நடுவில் இறங்குகிறது. நாலு மூலையில் மட்டும் ஸ்பேசர் கொடுத்த புத்திசாலிகளும் இதில் அடக்கம்: நடு வளையும், பற்றில் மயிரிழை விரிசல் விழும், கரகரக்கும், பழி வால்வின் தலையில் விழும். பழைய மைக்செட்டில் சாக்கெட்டைச் சேஸிஸ் தகட்டிலேயே முடுக்கினார்கள். கையின் பலத்தைத் தகடு வாங்கிக்கொண்டது. “பசை கெட்டியாகத்தானே இருக்கிறது?” குளிர்ந்திருக்கும்வரை இருக்கும். ஒரு ஈஎல்34 வால்வின் ஹீட்டர் மட்டுமே 6.3 வோல்ட்டில் 1.5 ஆம்பியர் இழுக்கிறது. ஏறத்தாழ ஒன்பதரை வாட். ஆனோடு தன் பங்குக்கு 25 வாட் வரை சூடு கக்கும். உருகி வந்த பசைக்கு மறுபடி இளக என்ன கூச்சம்? போர்டு நழுவினால் 400 வோல்ட் ஓடும் தடம் போய்த் தகட்டில் உட்காரும். “இதுவரை ஒன்றும் ஆகலையே” என்பவருக்கு என்னிடம் பதில் இல்லை. அவர் வீட்டுக்குப் பாட்டுக் கேட்கப் போகும் உத்தேசமும் இல்லை.