இறங்கிய காரும் ஏறிய வேகத்தடையும்: மல்லசமுத்திரச் சாலை அளவையியல் பற்றி ஓர் ஆய்வு

சேலம், நாமக்கல் சமவெளியில் வண்டி என்பது உயர்ந்து நிற்க வேண்டிய பொருள். மல்லசமுத்திரத்துக்குத் தென்மேற்கே திருச்செங்கோடு, நாடு முழுக்கப் போர் போடப் புறப்படும் ரிக் வண்டிகளின் சொந்த ஊர். மேற்கே சங்ககிரி, லாரி நிற்காத தெருவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். தெற்கே நாமக்கல், வெறும் சேஸிஸாக வந்த லாரிக்கு பாடி கட்டிப் பொட்டு வைத்து எலுமிச்சம்பழம் தொங்கவிட்டு அனுப்பும் ஊர். இந்த ஊர்களில் வண்டிக்காரருக்கு வரும் முதல் யோசனை, ஸ்பிரிங்கில் இன்னொரு பட்டை சேர்த்தால் இன்னும் எத்தனை டன் ஏற்றலாம் என்பதுதான். அப்படிப்பட்ட பூமியின் நடுவில் ஒருவர் சொந்தக் காசைப் போட்டு, நன்றாக ஓடிக்கொண்டிருந்த காரின் ஸ்பிரிங்கை அறுத்து, வண்டியை இரண்டரை அங்குலம் கீழே இறக்குகிறார் என்றால், அதை வயசுக் கோளாறு என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட முடியாது. ஊர் அப்படித்தான் தள்ளியிருக்கிறது. கொஞ்சம் இரக்கப்பட்டவர்கள் அழகுக்காக என்றார்கள், இன்னும் இரக்கப்பட்டவர்கள் வேகத்துக்காக என்றார்கள். எல்லோருமே தவறிவிட்டார்கள். இறக்கிய கார் ஓர் அளவைக் கருவி. சாலையின் மேடு பள்ளத்தை மில்லிமீட்டர் சுத்தமாகச் சொல்லக்கூடிய கருவி இந்த வட்டாரத்தில் தினமும் ஓடுகிறதென்றால் அது இது ஒன்றுதான். அதன் உரிமையாளர், தனக்கே தெரியாமல் வேலை பார்க்கும் சம்பளமில்லாத சர்வேயர்.

முதலில் கருவியை வரையறுத்துக்கொள்ள வேண்டும். இறக்கத் தகுந்த வண்டி எது என்பதில் வெளிநாட்டு மரபு தெளிவானது: இரண்டு கதவு, பின்னால் சரிந்து இறங்கும் கூரை, பேருக்கு ஒரு பின்சீட் கொண்ட கூப்பே. நம் பக்கம் இந்த இனம் வேர் பிடிக்கவில்லை. சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு இரண்டு கதவோடுதான் 1961இல் வந்தது. 1968இல் அதற்கு நாலு கதவு வைக்க வேண்டியதாயிற்று. காரணத்தை ஆவணக் காப்பகத்தில் தேட வேண்டியதில்லை. சீர்த் தட்டோடு வந்த அத்தையைப் பின்சீட்டில் ஏற்றுவதற்காக முன்சீட்டை மடக்கிப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்ற எந்த மருமகனைக் கேட்டாலும் சொல்வார். ஆகவே மல்லசமுத்திரத்தில் கூப்பே என்பது பெரும்பாலும் ஒரு மனநிலை. டிஎன் 34 எண் தாங்கிய ஸ்விஃப்டோ, பழைய ஹோண்டா சிட்டியோ, ஸ்பிரிங் அறுத்த அன்று கூப்பே ஆகிவிடுகிறது. கதவு எத்தனை என்பது இந்த ஆய்வைப் பாதிக்காது.

பாதிப்பது வேகத்தடை. இதற்கு நம் நாட்டில் முறையான இலக்கணமே உண்டு. இந்திய சாலைக் காங்கிரஸ் 1988இல் வெளியிட்ட ஐஆர்சி 99 என்னும் வழிகாட்டு நூல், வளைந்த வேகத்தடை எப்படி இருக்க வேண்டும் என்று வரையறுத்தது: 17 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் ஒரு துண்டு, வண்டி போகும் திசையில் 3.7 மீட்டர் நீளம், நடுவில் 10 சென்டிமீட்டர் உயரம். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் ஏறி இறங்கலாம். இப்போது ஸ்விஃப்ட் அளவிலான ஒரு காரை எடுத்துக்கொள்வோம். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே ஏறக்குறைய 2.4 மீட்டர். நாலு சக்கரமும் அந்த வளைவின் மேல் நிற்கும்போது வண்டியின் வயிற்றை நோக்கி மேடு எவ்வளவு எழும்பும் என்பதைப் பத்தாம் வகுப்புக் கணக்கே சொல்லிவிடும். 2.4இன் வர்க்கத்தை 17இன் எட்டு மடங்கால் வகுத்தால் 0.042 மீட்டர், அதாவது 42 மில்லிமீட்டர். கம்பெனியிலிருந்து வரும்போது இந்த வகைக் காருக்குக் கிரவுண்ட் கிளியரன்ஸ் 165 மில்லிமீட்டர் சுமாருக்கு இருக்கும். இரண்டரை அங்குலம் இறக்கிய பிறகும் நூறு மிச்சம். ஆக, இலக்கணப்படி கட்டிய வேகத்தடையை இறக்கிய கார் இரண்டு அங்குலத்துக்கு மேல் இடைவெளி விட்டு, 25 கிலோமீட்டர் வேகத்தில், அடி உரசாமல் கடந்துவிடும். கடக்கவில்லை என்றால் குற்றம் காரிடம் இல்லை என்பதை இங்கே பதிவு செய்துவிடுவது நல்லது, ஏனென்றால் இந்த விஷயத்தில் இதுவரை ஒருதலைப்பட்சமாகவே தீர்ப்பு சொல்லப்பட்டு வந்திருக்கிறது.

நம் சாலைகளில் இருக்கும் வேகத்தடை வேறு இலக்கணத்தில் பிறந்தது. விபத்து நடந்த அன்று மறியல், மறியலுக்கு மறுநாள் வேகத்தடை. அதன் உயரத்தை முடிவு செய்வது பொறியாளர் அல்லர், மறியலில் கூடியவர்களின் கோபம். ஒன்றரை அடி அகலம், அரை அடி உயரம் என்று தார்ச்சல்லியைக் குவித்துத் தட்டிவிட்டால் வேலை முடிந்தது. இந்த வடிவத்தில் முன் சக்கரம் மேட்டைத் தாண்டிக் கீழே இறங்கிவிடும், பின் சக்கரம் இன்னும் வந்து சேர்ந்திருக்காது, நடுவயிறு நேராக மேட்டின் மேல் இருக்கும். வண்டிக்குத் தேவைப்படுவது இப்போது 42 மில்லிமீட்டர் அல்ல, முழு அரை அடி. அஞ்சு பேர் ஏறிய சாதாரணக் காரே அங்கே கரகரவென்று உரசும். இறக்கிய காரின் ஓட்டுநர் கையாளும் முறையைக் கூர்ந்து பார்த்தால் அவர் செய்வது போக்குவரத்து அல்ல, ஆய்வு என்பது விளங்கும். இருபது அடிக்கு முன்பே நிறுத்துகிறார். பின்சீட்டில் இருப்பவர்களை இறங்கி நடக்கச் சொல்கிறார். ஸ்டியரிங்கை ஒடித்து வண்டியைக் குறுக்கே திருப்பி, ஒரு நேரத்தில் ஒரு சக்கரமாக ஏற்றுகிறார். எதிரே வரும் பால் வண்டி நிற்கிறது, பின்னால் வரும் டவுன் பஸ் ஹாரன் அடிக்கிறது, அவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் காது கொடுத்துக் கேட்கிறார். ஒரு சத்தமும் இல்லையென்றால் மேடு நூறு மில்லிமீட்டருக்குக் கீழே. ஷ்ஷ் என்று இழுத்தால் சைலன்சர் பைப். டங் என்று ஒரே அடி விழுந்தால் ஆயில் சம்ப். இத்தனை நுட்பமான வாசிப்பை வேறெந்த வண்டி தருகிறது? ரிக் வண்டி அதே மேட்டின் மேல் ஏறி இறங்கும்போது அங்கே மேடு இருந்தது என்பதே அதன் ஓட்டுநருக்குத் தெரியாது.

சாலையை அளக்க வண்டியை ஓட்டுவது மல்லசமுத்திரத்தில் பிறந்த விசித்திரம் என்று நினைக்க வேண்டாம். அரசாங்கமே அதைத்தான் செய்கிறது. பம்ப் இன்டக்ரேட்டர் என்றொரு கருவி உண்டு. ஒற்றைச் சக்கரம் பூட்டிய சிறு இழுவை வண்டி. அதை மணிக்கு 32 கிலோமீட்டர் வேகத்தில் ஜீப்பின் பின்னால் கட்டி இழுத்துப் போவார்கள். சக்கரம் குதிக்கும் உயரத்தையெல்லாம் கூட்டி, கிலோமீட்டருக்கு இத்தனை மில்லிமீட்டர் என்று சாலையின் கரடுமுரடைச் சொல்லும். அதற்கு ஒரு சக்கரம், நம் கருவிக்கு நாலு. அதற்கு டெண்டர் விட வேண்டும், நம்முடையது பெட்ரோலைத் தானே போட்டுக்கொண்டு ஓடுகிறது. இன்னும் உயர்ந்த சான்று வேண்டுமென்றால் ஃபார்முலா ஒன் பந்தயத்தைப் பார்க்கலாம். 1994 முதல் அங்கே ஒவ்வொரு காரின் அடிவயிற்றிலும் 10 மில்லிமீட்டர் கனத்தில் ஒரு பலகை பொருத்துவது கட்டாயம். ஓடி முடித்தபின் அது ஒரு மில்லிமீட்டருக்கு மேல் தேய்ந்திருந்தால் கார் அளவுக்கு மீறித் தாழ்ந்து ஓடியது என்று பொருள். அந்த ஆண்டே பெல்ஜியத்தில் மைக்கேல் ஷூமாக்கரின் வெற்றி இந்தத் தேய்மானத்தால் பறிபோனது. 2023இல் அமெரிக்காவில் லூயிஸ் ஹாமில்டனும் சார்லஸ் லெக்லெர்க்கும் இதே பலகையால் தகுதி இழந்தார்கள். அடிவயிற்றுத் தேய்மானம் ஒரு சாட்சியம் என்பதை உலகின் மிகச் செலவான விளையாட்டு ஏற்றுக்கொண்டாகிவிட்டது. மல்லசமுத்திரத்துக் காரில் அந்தப் பலகையின் வேலையைச் சைலன்சர் பார்க்கிறது.

கருவி என்றால் பராமரிப்பும் வீட்டில்தான். ஸ்பிரிங்கை அறுப்பதில் ஊரறியாத ஒரு இயற்பியல் இருக்கிறது. சுருள் குறையக் குறைய ஸ்பிரிங் விறைக்கும். வேலை செய்யும் ஆறு சுற்றில் ஒன்றை வெட்டினால் உயரம் மட்டும் குறைவதில்லை, விறைப்பும் ஐந்தில் ஒரு பங்கு கூடுகிறது. கருவியின் நுண்ணுணர்வு கூடுகிறது என்று நாம் இதை எழுதலாம். ஓட்டுநரின் இடுப்பு வேறு மாதிரி எழுதும். தாழ்ந்த வண்டியின் சக்கரங்கள் மேற்பக்கம் உள்ளே சாய்வதால் டயரின் உள்விளிம்பு மட்டும் தேய்ந்து கம்பி தெரியும், வெளிப்பக்கம் பார்த்தால் புது டயர் மாதிரியே இருக்கும். அலைன்மென்ட் பார்க்காமல் விட்டவர்கள் இதை டயர் வெடித்த பிறகுதான் கண்டுபிடிக்கிறார்கள். அடுத்தது ஜாக்கி. சாதாரண டிராலி ஜாக்கியின் தலை முழுக்க இறங்கிய நிலையிலேயே 13 சென்டிமீட்டர் இருக்கும். வண்டியின் அடியோ 10. காரைத் தூக்க ஜாக்கி வேண்டும், ஜாக்கி உள்ளே போகக் காரைத் தூக்க வேண்டும். தத்துவ நூல்கள் தீர்க்காத இந்தச் சிக்கலை மல்லசமுத்திரம் இரண்டு அங்குலப் பலகையால் தீர்த்திருக்கிறது. வாசலில் பலகைகளைப் போட்டு முன் சக்கரங்களை அதன் மேல் ஏற்றி நிறுத்திவிட்டு, பிறகு ஜாக்கியைத் தள்ள வேண்டும். தூக்கியபின் அடியில் முட்டுக் கொடுக்க ஹாலோ பிளாக்கை வைப்பவர்கள் உண்டு. அது நொறுங்கினால் முன்னறிவிப்பு கொடுக்காது. இரும்பு ஸ்டாண்டு வாங்கக் காசில்லாதவர் இந்த ஆய்வில் இறங்கக் கூடாது. சம்ப் விரிந்து ஆயில் சொட்டினால் எம்சீல். அடுத்த அடியைத் தாங்க சம்ப் கார்டு போடலாம், ஆனால் அதன் கனம் மிச்சமிருக்கும் இடைவெளியிலிருந்தே கழிகிறது. அடிபடாமல் இருக்கப் போட்ட தகடு, முதல் ஆளாக அடிபடுகிறது.

இதைப் பார்த்துச் சிரிப்பவர்கள் வில்லியம் லாம்டனை நினைத்துக்கொள்வது நல்லது. 1802இல் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து, பிற்பாடு இந்தியா முழுமைக்கும் விரிந்த மாபெரும் முக்கோண அளவையைத் தொடங்கியவர் அவர். 1808இல் தஞ்சாவூர்ப் பெரிய கோயிலின் மேல் அரை டன் எடையுள்ள தியோடலைட்டைக் கயிறு கட்டி ஏற்றியபோது கயிறு அறுந்து கருவி சுவரில் மோதி நெளிந்தது. லாம்டன் அதைத் தூக்கிப் போடவில்லை. ஆறு வாரம் கூடாரத்துக்குள் உட்கார்ந்து, நெளிந்த வளையத்தைத் தன் கையாலேயே கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்தினார். போர்ட்டிகோவில் காருக்கு அடியில் படுத்துக்கொண்டு சைலன்சரை நிமிர்த்துகிறவர் அதே மரபில் வருகிறார். இவருக்குக் கம்பெனிச் சம்பளம் இல்லை, அம்மாவின் வசவு இருக்கிறது என்பது ஒன்றே வேறுபாடு.

இதற்கு எழும் தடைகளில் வலுவானது, ஈர்ப்பு மையம் தாழ்ந்தால் வளைவுகளில் வண்டி சாயாமல் பிடித்து நிற்கும், ஆகவே நோக்கம் வேகமே என்பது. சரக்கு சரிதான், சந்தைதான் வேறு. கோவை செட்டிபாளையத்துக் கரி ஸ்பீட்வேயிலோ இருங்காட்டுக்கோட்டைத் தடத்திலோ இந்த வாதம் நிற்கும். மல்லசமுத்திரத்திலிருந்து திருச்செங்கோடு போகும் வழியில் வளைவைவிட வேகத்தடை முந்திக்கொள்ளும், வேகத்தடை இல்லாத இடத்தில் சோளம் காயும். இறக்கிய காரைப் பின்தொடர்ந்து போகும் சைக்கிள்காரர் மணி அடித்து ஒதுங்கச் சொல்வதை யாரும் பார்க்கலாம். வேகம் நோக்கமாக இருந்தால் இது தோல்வி. அளவை நோக்கமாக இருந்தால் இந்த நிதானம்தான் முறை. பெரியவர்கள் வைக்கும் தடை வேறு: ஸ்பிரிங்குக்கும் டயருக்கும் சம்புக்கும் கொட்டுகிற பணத்தில் ஒரு மாடு வாங்கியிருக்கலாம். கணக்கு சரியாகத்தான் வரும். ஆனால் மாடு சாலையை அளக்காது, படுக்க மட்டும்தான் செய்யும்.

மிச்சம் இருப்பது சட்டம், அதை லேசாகக் கடந்துவிட முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டுத் திருத்தத்தில் சேர்ந்த 182ஏ பிரிவு, விதியை மீறிய ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று சொல்கிறது. நாலு ஸ்பிரிங் என்பது ஒரு மாற்றமா நாலு மாற்றமா என்று கேட்டுப் பார்க்கும் துணிவு இதுவரை யாருக்கும் வரவில்லை. நம் விடை எளிது: 52ஆம் பிரிவு வாகனத்துக்கு. இது கருவி என்று மேலே நிறுவியாகிவிட்டது; எனவே பருத்தி ஏலத்தில் மூட்டை நிறுக்கும் தராசைப் போல இதுவும் 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டத்துக்குள் வர வேண்டும். தமிழ்நாட்டில் அதைப் பார்ப்பது போக்குவரத்துத் துறை அல்ல, தொழிலாளர் துறை. வழியில் மறிக்கும் மோட்டார் வாகன ஆய்வாளரிடம் இதை மரியாதையாக எடுத்துச் சொல்லலாம். அவர் சட்டம் படித்தவராக இருந்தால் ஒரு கேள்வி கேட்பார்: அப்படியானால் கருவிக்கு முத்திரை எங்கே? முத்திரை இல்லாத அளவைக் கருவியைப் பயன்படுத்துவது அந்தச் சட்டத்திலும் குற்றம். ஆக உரிமையாளர் இரண்டு துறைக்கும் அபராதம் கட்ட வேண்டியிருக்கும். எதை முதலில் கட்டுவது என்பது தனி ஆய்வுக்குரியது; தொழிலாளர் துறை அலுவலகத்தின் வாசலில் வேகத்தடை இருக்கிறதா என்பதைப் பொறுத்து அது அமையும்.