பதினாறாம் பல்

ரோடு பைக் வாங்கியவர் நிம்மதியாகத்தான் இருப்பார், யாராவது ஒரு புண்ணியவான் வந்து "உங்க கேசட்ல 16 இல்லையே சார்" என்று சொல்லும் வரை. அன்றோடு தூக்கம் போச்சு.

குனிந்து, சைக்கிளின் பின்சக்கரத்தில் அடுக்கியிருக்கும் பற்சக்கரங்களின் (அதுதான் கேசட்) பற்களை ஒவ்வொன்றாக எண்ணுகிறார். ஷிமானோவின் 11-28, பதினொரு கியர்: 11, 12, 13, 14, 15... அடுத்தது 17! 15-இல் நிமிடத்துக்கு 90 சுற்று மிதிப்பவர், அதே வேகத்தில் 17-க்கு மாறினால் 102 சுற்று மிதிக்க வேண்டும். இந்தப் பன்னிரண்டு சுற்றுதான் இத்தனை நாளாய்த் தன்னை முன்னேற விடாமல் தடுத்த சதி என்று முடிவே கட்டிவிடுகிறார். (தொப்பை அப்பாவி.)

11-25 போட்டால் 16 கிடைக்கும், 28 போய்விடும். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் கடவுள் நம்பிக்கை கூடும். 11-32 போட்டால் மலையும் ஏறலாம், 16-உம் உண்டு. ஆனால் 15-ஐக் காணோம்.

11 பல் சக்கரத்தைப் பற்றி மட்டும் மூச்சே விடமாட்டார். முன்னால் 50 பல் இருந்து 90 சுற்று மிதித்தால் அது மணிக்கு 51 கி.மீ. கிழக்குக் கடற்கரைச் சாலையில் எதிர்க்காற்றில் 27-இல் போகிறவருக்கு அது பீரோவில் தொங்கும் கல்யாணக் கோட்டு.

அவருக்குச் சரியானது 12-25. 12 முதல் 19 வரை ஒரு பல் விடாமல் வரிசையாக இருக்கும். வாங்கமாட்டார், வாங்கினால் அப்புறம் எதைக் குறை சொல்வது?