அமெரிக்கக் கடிதம்: பழைய ஆர்.வி.யில் காற்று வாங்குதல்

அமெரிக்காவில் ஆர்.வி. என்று சொல்லப்படும் மோட்டார் ஹோமில் அடுப்பு, ஃபிரிட்ஜ், கட்டில், கழிப்பறை எல்லாம் உண்டு. வண்டி நாற்பது, ஐம்பது வருஷப் பழசாக இருந்தால், ஓட்டுகிறவர் முகத்துக்குக் காற்று மட்டும் இருக்காது. டேஷ்போர்டில் ஏசி வென்ட்டுகள் வரிசையாக இருக்கும், ப்ளோயர் போடுகிற சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. வென்ட் முன்னால் கையை நீட்டினால், தூங்குகிற குழந்தை மூச்சு விடுகிற அளவுக்கு ஏதோ ஒன்று வந்து போகும்.

இந்தப் பழைய வண்டிகளில் ரொம்பவும் கொண்டாடப்படுவது ஜி.எம்.சி. மோட்டார் ஹோம். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1973 மாடல் முதல் 1978 மாடல் வரை இதைத் தயாரித்தது. 23 அடி, 26 அடி என்று இரண்டு நீளம், முன்சக்கர இழுவை, பின்னால் நாலு சக்கரம். தொடக்க வருஷங்களின் இன்ஜின் ஓல்ட்ஸ்மொபீல் டோரனாடோ காரினுடையது: 455 கன அங்குலம், அதாவது ஏறக்குறைய 7.5 லிட்டர். ஊரில் ஓடும் ஸ்விஃப்டின் இன்ஜின் 1.2 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், ஆறு ஸ்விஃப்ட் சேர்ந்து ஒரு குடும்பத்தை இழுத்துப் போகிறது. உடம்பு அலுமினியமும் ஃபைபர் கிளாஸும் என்பதால் துருப்பிடித்துச் சாகவில்லை. 1981இல் வந்த ‘ஸ்ட்ரைப்ஸ்’ என்ற நகைச்சுவைப் படத்தில் ராணுவத்தின் ரகசிய ஆயுத வண்டியாக வேஷம் கட்டியதும் இதுதான். கிரீன் கார்டு வரிசையில் வருஷக்கணக்காக நிற்கும் தமிழர்களில் சிலருக்கும் இந்தப் பைத்தியம் பிடிப்பதுண்டு. வரிசை நகராவிட்டாலும் வண்டியாவது நகரட்டும் என்ற எண்ணமாக இருக்கலாம்.

வம்பு கோடையில் ஆரம்பிக்கும். ஊரிலிருந்து அப்பா, அம்மா ஆறு மாதம் தங்க வந்திருப்பார்கள். லாஸ் வேகாஸ் காட்ட வேண்டும். லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கமிருந்து போகிற ஐ-15 நெடுஞ்சாலை மொஹாவி பாலைவனத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. வழியில் பேக்கர் என்ற சின்ன ஊர். அங்கே உலகத்திலேயே உயரமான தெர்மாமீட்டரை 1991இல் நட்டு வைத்திருக்கிறார்கள். உயரம் 134 அடி. பக்கத்து மரணப் பள்ளத்தாக்கில் 1913 ஜூலை 10 அன்று பதிவான 134 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 56.7 டிகிரி செல்சியஸ் வெயிலுக்கு மரியாதை செய்யும் வகையில் அந்த அளவு. இந்தத் தெர்மாமீட்டரைத் தாண்டியதும் ஏற்றம் தொடங்குகிறது. இன்ஜின் சூடேறாமல் இருக்க ஏசியை நிறுத்தவும் என்று பலகை வைத்திருக்கிறார்கள். பழைய ஜி.எம்.சி.யில் போகிறவர்களுக்கு இந்தப் பலகையால் பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை.

காற்று வராத ஏசிக்கு ஊரிலும் சரி, இங்கேயும் சரி, முதல் தீர்ப்பு ஒன்றே: “கேஸ் குறைஞ்சிருக்கும்.” பல தடவை இது அநியாயத் தீர்ப்பு. காற்றைக் குளிர வைப்பது ஒரு வேலை, குளிர்ந்த காற்றை முகம் வரை கொண்டு சேர்ப்பது இன்னொரு வேலை. முதல் வேலைக்குத்தான் கேஸ், கம்ப்ரஸர், கண்டென்சர். இரண்டாவது வேலைக்கு ப்ளோயர், குழாய், கதவுகள். எதில் கோளாறு என்று பார்க்க ஒரு சமையலறைத் தெர்மாமீட்டர் போதும். வென்ட்டுக்குள் அதைச் செருகி, இன்ஜினைக் கொஞ்சம் முறுக்கி ஓடவிடும்போது 5 முதல் 10 டிகிரி செல்சியஸ் வரை காட்டினால் கேஸ் நிரபராதி. சொல்லப்போனால், காற்று மந்தமாக நகரும்போது கூலிங் காயிலில் கூடுதல் நேரம் தங்குவதால் இன்னும் அதிகமாகவே குளிரும். சில்லென்று, ஆனால் சொட்டுச் சொட்டாக வருகிற காற்று, பாதையில் அடைப்பு என்பதற்கு நல்ல சாட்சி.

இருந்தாலும் கேஸ் அடிக்கத்தான் முதலில் போவார்கள். அதிலும் ஒரு சட்டச் சிக்கல் உண்டு. இந்த வண்டிகள் பிறந்தபோது ஊற்றியது ஆர்-12. ஓசோன் படலத்தைக் காக்க 1987இல் உருவான மான்ட்ரியல் ஒப்பந்தத்தின் தொடர்ச்சியாக, அமெரிக்காவில் அதன் உற்பத்தி 1995 முடிவோடு நின்றது. மிச்சமிருக்கும் பழைய சரக்கை வாங்கச் சுற்றுச்சூழல் துறை அங்கீகரித்த சான்றிதழ் வேண்டும். அதற்கான தேர்வைப் புத்தகம் பார்த்தே எழுதலாம் என்பது, பொதுத் தேர்வுக்கு ராப்பகலாக மனப்பாடம் செய்து வளர்ந்த கூட்டத்துக்குக் கொஞ்சம் அவமானமாகவே இருக்கும். பெரும்பாலான வண்டிகள் இதற்குள் ஆர்-134ஏ-வுக்கு மாறியிருக்கின்றன. அந்தக் கேஸ் உதிரிபாகக் கடையில் சின்ன டப்பாவில் கிடைக்கிறது என்பதுதான் ஆபத்து. வெறும் காற்றடைப்புக் கோளாறுக்கு இரண்டு டப்பா கூடுதலாக ஏற்றிவிட்டால், அழுத்தம் எகிறி, இருந்த குளிர்ச்சியும் போய்விடும்.

ஆகவே காற்று நுழைகிற இடத்திலிருந்து தொடங்குவதே முறை. டேஷ்போர்டு ஏசிக்கு இரண்டு வாய் உண்டு. ஒன்று வெளிக்காற்றை இழுக்கும், மற்றது வண்டிக்குள் இருக்கும் காற்றையே திருப்பி இழுக்கும். ‘மேக்ஸ்’ என்ற நிலையில் இரண்டாவது வாய் திறக்க வேண்டும். பாதி வண்டிகளில் அந்த வாயை யாரோ கார்பெட் போட்டு மூடியிருப்பார்கள், இல்லையென்றால் அதன் முன்னால் வரைபடக் கட்டும் தண்ணீர் பாட்டில்களும் அடுக்கியிருக்கும். எடுத்து வைத்தால் அந்த நிமிஷமே வித்தியாசம் தெரியும், செலவும் கிடையாது.

அடுத்தது கூலிங் காயில். காற்று இதன் இடுக்குகள் வழியாகத்தான் போயாக வேண்டும். ஐம்பது வருஷத் தூசி, காய்ந்த இலை, உதிர்ந்த ஃபோம், நாய் முடி எல்லாம் ஈரக் காயிலில் ஒட்டிக் கம்பளமாகியிருக்கும். ப்ளோயரைக் கழற்றினால் அந்த ஓட்டை வழியாகக் காயிலின் முகம் பெரும்பாலும் தெரியும். மென்மையான பிரஷ், காயிலுக்கென்று விற்கும் நுரை, பிறகு கொஞ்சம் தண்ணீர். இடுக்குத் தகடுகள் வளைந்திருந்தால் சீப்பு போன்ற ஒரு கருவியால் நிமிர்த்தலாம். அழுத்தமாகத் தண்ணீர் பீய்ச்சினால் தகடுகள் படுத்துவிடும், இருந்த வழியும் அடையும்.

எலிக்கூடு இருந்தால் கதை வேறு. வெயிலில் வருஷக்கணக்கில் நிற்கிற வண்டியின் ப்ளோயர் பெட்டியைவிட நல்ல வீடு எலிக்கு அமையாது. மேற்கு மாநிலங்களின் மான் எலி ஹான்டா வைரஸைச் சுமக்கிறது. 1993இல் நான்கு மாநிலங்கள் சந்திக்கும் ‘ஃபோர் கார்னர்ஸ்’ பகுதியில் பலரைப் பலிவாங்கிய பிறகே அது தரும் நுரையீரல் நோய் உலகுக்குத் தெரிந்தது. அதனால் கூட்டைக் காய்ந்தபடி கூட்டவோ, வேக்குவம் கிளீனரால் இழுக்கவோ கூடாது. கையுறை போட்டு, ஒரு பங்கு ப்ளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து நனைத்து, ஐந்து நிமிஷம் ஊறவிட்டு எடுக்க வேண்டும். இந்த ஒரு வேலையில் அலட்சியத்துக்கு இடமே இல்லை.

ப்ளோயரின் உள்ளே அணில் கூண்டு போன்ற ஒரு உருளை சுற்றுகிறது. அதை ஓட்டும் மோட்டாருக்கு 12 வோல்ட் என்று பெயர். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் ஏறக்குறைய 14 வோல்ட் இருக்கும். மல்டிமீட்டரை மோட்டாரின் முனையிலேயே வைத்துப் பார்த்தால் அங்கே பத்தோ பத்தரையோ நிற்கும். மீதி எங்கே போனது? பழைய சுவிட்சு, கருகிய இணைப்பு, துருப்பிடித்த எர்த், மெல்லிய வயர் என்று வழியிலேயே ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொண்டார்கள். வோல்ட் குறைந்தால் சுழற்சி குறையும், அதே விகிதத்தில் காற்றும் குறையும். வைத்தியம் சுலபம்: பேட்டரியிலிருந்து தடித்த வயர், நடுவில் ஃபியூஸ், ஒரு ரிலே, புதிய எர்த். பழைய சுவிட்சு ரிலேயைத் தட்டி எழுப்பினால் போதும், மோட்டாரின் சுமையைத் தாங்க வேண்டியதில்லை. சுவிட்சை ‘ஹை’யில் வைத்தாலும் ‘மீடியம்’ அளவே வீசுகிறது என்றால் ஏற்கெனவே இருக்கும் ரிலே போயிருக்கலாம்.

இதே இடத்தில் ஒரு வேடிக்கையான மோசடியும் நடக்கும். மோட்டாரை மாற்றும்போது பிளஸ், மைனஸை மாற்றிக் கொடுத்துவிட்டால் உருளை தலைகீழாகச் சுற்றும். மேசை விசிறியாக இருந்தால் காற்று பின்பக்கம் போய்க் குட்டு உடைந்துவிடும். இந்த உருளை அப்படியில்லை. எந்தப் பக்கம் சுற்றினாலும் காற்றை ஒரே வழியாகத்தான் தள்ளும், ஆனால் மிகக் குறைவாகத் தள்ளும். புது மோட்டார், சத்தம் பலம், காற்று மட்டும் பழையபடியே என்றால், உருளைத் தகடுகளின் வளைவையும் சுற்றும் திசையையும் பார்க்க வேண்டும். வருஷக்கணக்கில் தலைகீழாக ஓடிய வண்டிகளும் உண்டு.

காற்று பலமாகப் புறப்பட்டும் முகத்துக்கு வரவில்லை என்றால் கதவுகளைச் சந்தேகிக்கலாம். முகம், கால், கண்ணாடி என்று காற்றைப் பிரித்து அனுப்பும் கதவுகளை அந்தக் கால ஜி.எம். வண்டிகளில் பெரும்பாலும் இன்ஜினின் வேக்குவம்தான் அசைக்கிறது. வேக்குவம் செத்தால் காற்று கண்ணாடிப் பக்கம் போகும்படி வைத்திருக்கிறார்கள்; பனி மூடிய கண்ணாடியோடு யாரும் தவிக்கக் கூடாது என்ற நல்லெண்ணம். மொஹாவியில் அந்த நல்லெண்ணத்தால் பயனில்லை. ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க இன்ஜினின் வேக்குவம் குறையும். அதைச் சேமித்து வைக்கும் சின்ன டப்பாவோ அதன் ஒருவழி வால்வோ கசிந்தால், மேடு ஏறும்போதெல்லாம் ஏசிக் காற்று ஓட்டுகிறவரை விட்டுவிட்டுக் கண்ணாடியைக் குளிப்பாட்டப் போய்விடும். இறங்கும்போது திரும்பி வரும். பின்னால் உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்கு இது வண்டியின் குணமாகவே தோன்றும். பழைய மெக்கானிக்குகள் ஹோஸை வாயில் வைத்து உறிஞ்சி, நுனியை நாக்கால் அடைத்துப் பார்ப்பார்கள். நாக்கை இழுத்துப் பிடித்தபடியே இருந்தால் ஹோஸ் நல்லது, விட்டுவிட்டால் ஓட்டை. ரப்பர் ஹோஸ் முழுவதையும் ஒரே மூச்சில் மாற்றிவிடுவது இதைவிடக் கௌரவமானது, செலவும் சொற்பம்.

டேஷ்போர்டுக்குப் பின்னால் டார்ச் அடித்தால் மிச்சம் தெரியும். பெட்டியையும் வென்ட்டையும் இணைக்கும் நெளிநெளிக் குழாய்களில் ஒன்றாவது கழன்று தொங்கும், குளிர்ந்த காற்று பின்பக்க வயர்களுக்கு வீசிக்கொண்டிருக்கும். கழன்றதை மாட்டி, சுற்று வளைவுகளைக் குறைத்து, நீளத்தை வெட்ட வேண்டும். இரண்டு அங்குலக் குழாயை இரண்டரை அங்குலமாக்கினால் வழி ஒன்றரை மடங்குக்கு மேல் அகலமாகிறது. இணைப்புகளை அலுமினிய ஃபாயில் டேப்பால் ஒட்டுவது நல்லது. டக்ட் டேப் என்று பெயர் வைத்த சாம்பல் நிறத் துணி டேப் டக்ட்டுக்கு லாயக்கில்லை. 1998இல் கலிபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகம் பலவகை ஒட்டுப் பொருள்களைச் சோதித்தபோது தேறாமல் போனது அதுதான். இவ்வளவுக்குப் பிறகும் போதவில்லை என்றால், படகின் இன்ஜின் அறையிலிருந்து ஆவியை வெளியேற்ற விற்கிற 12 வோல்ட் குழாய் விசிறியை நடுவில் செருகுகிறார்கள். அடைத்த காயிலை விட்டுவிட்டு விசிறியை மட்டும் கூட்டினால் கூடுவது சத்தம்தான்.

ஒரு கோளாறு மட்டும் நேரம் பார்த்து வரும். முதல் அரை மணி அருமையாக வீசி, பிறகு மெல்ல மெல்லச் சாகும். பத்து நிமிஷம் நிறுத்தி வைத்தால் மறுபடி உயிர் வரும், வண்டிக்கு அடியில் தண்ணீர் கொட்டும். காயிலில் பனிக்கட்டி உறைந்து வழியை அடைத்ததன் அடையாளம் இது. குளிர் எல்லை மீறும்போது கம்ப்ரஸரை அடக்க வேண்டிய கட்டுப்பாடு வேலை செய்யவில்லை, அல்லது காற்று ஏற்கெனவே மந்தமாக இருந்து உறைவதற்கு வழி விட்டிருக்கிறது.

எல்லாம் சரியான பிறகும் வென்ட்டில் பலமாக வருவது வெதுவெதுப்பான காற்று என்றால், ஹீட்டருக்குப் போகும் சுடுநீர் வால்வு முழுசாக மூடுகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரே பெட்டிக்குள் ஒன்று குளிர வைக்க, மற்றொன்று சுட வைத்துக்கொண்டிருக்கும். ஜி.எம்.சி.யில் இன்ஜின் முன்பக்கத் தரைக்குக் கீழேயே இருக்கிறது. தரையில் உள்ள அதன் மூடியின் ரப்பர் விளிம்பு இற்றுப்போனால் 7.5 லிட்டர் இன்ஜினின் சூடு நேராகக் காலுக்கு வரும். விளிம்பை மாற்றி, மூடிக்கு அடியில் வெப்பத் தடுப்புத் தகடு ஒட்டுவது பாதி ஏசிக்குச் சமம். காரின் உள்ளிடத்தைப் போல ஏறக்குறைய பத்து மடங்கு இடத்தை ஒரு டேஷ்போர்டு ஏசி குளிர வைக்காது என்பதால், முன் இருக்கைகளுக்குப் பின்னால் ஒரு திரை தொங்கவிடுவதும் வழக்கம். திரைக்கு எந்தப் பக்கம் மாமனார் என்பதைக் குடும்பத்தில்தான் பேசித் தீர்க்க வேண்டும்.

பின்பக்கத்துக்கு வழி கூரை ஏசி. வழக்கமான அளவு 13,500 பி.டி.யு.; ஒரு டன் 12,000 என்பதால் ஊர்க் கணக்கில் ஒரு டன்னுக்குச் சற்று மேல். வண்டியிலேயே இருக்கும் ஜெனரேட்டரைப் போட்டால் ஓடும்போதும் வேலை செய்யும். பெட்ரோல் கூடுதலாகத்தான் குடிக்கும். பெரும்பாலான மோட்டார் ஹோம்களில் ஜெனரேட்டருக்கான குழாய் தொட்டியின் அடி வரை போவதில்லை. கால்வாசிக்குக் கீழே போனால் ஜெனரேட்டர் தானாக நிற்கும், மிச்சப் பெட்ரோல் இன்ஜினுக்கு. லாஸ் வேகாஸுக்கு முப்பது மைல் முன்னால் கூரை ஏசி நின்றால் ரிப்பேர் என்று யாரும் பதற வேண்டாம். அடுத்த பங்க்கில் வண்டியை நிறுத்தினால் போதும்.